அந்த முதல் பத்தியை எடுத்துவிடு

அன்புள்ள அம்மு,

அமெரிக்காவில் வேதியியல் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்க நீ எழுதி அனுப்பிய ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸை, அதாவது ஏன் சேர விரும்புகிறாய் என்று சொல்லும் கட்டுரையை, படித்தேன். முதல் பத்தி முழுக்க மன்னிப்பாக இருக்கிறது. பிசிக்கல் கெமிஸ்ட்ரியில் சி வாங்கியதற்கு, இரண்டாம் வருடம் கெட்டுப்போனதற்கு, ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வின் கணக்குப் பகுதியில் 155-ஐத் தாண்டாததற்கு. உன் வேலையைப் பற்றிய பேச்சு வருவதற்குள் படிக்கிறவர் உன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருப்பார். அந்தப் பத்தியை எடுத்துவிடு.

மறைக்கச் சொல்லவில்லை. மதிப்பெண் பட்டியல் எப்படியும் அவர்கள் கையில் இருக்கும். கடைசிப் பக்கம் இரண்டு வாக்கியம் எழுது: அந்த வருடம் என்ன நடந்தது, அப்புறம் என்ன மாறியது. இதையே பரிந்துரைக் கடிதம் தருபவர் எழுதினால் இன்னும் நல்லது. நீ சொன்னால் சாக்கு, அவர் சொன்னால் சாட்சி.

ஜி.ஆர்.இ. கவலையை விடு. கெமிஸ்ட்ரிக்கென்று இருந்த தனித் தேர்வையே 2023 ஏப்ரலோடு நிறுத்திவிட்டார்கள். பொதுத் தேர்வையும் அமெரிக்காவில் பல வேதியியல் துறைகள் இப்போது கேட்பதில்லை. 'விருப்பமிருந்தால் அனுப்பலாம்' என்று போட்டிருந்தால் அனுப்பாதே. திரும்ப எழுதப் பணம் கட்டவும் வேண்டாம். ஆனால் ஜி.பி.ஏ., அதாவது உன் படிப்பின் மொத்த மதிப்பெண் சராசரி, வேறு விஷயம். 3.0-க்குக் கீழே எடுப்பதில்லை என்று பல பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கின்றன. துறை கேட்டுக்கொண்டால் விலக்கு தரும் இடங்களும் உண்டு. உன்னுடையது 2.9. விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்னாலேயே துறைக்கு எழுதிக் கேட்டுவிடு.

இப்போது முக்கியமானதுக்கு வருகிறேன். அங்கே வேதியியல் பிஎச்.டி. மாணவருக்குப் பொதுவாகக் கல்விக் கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. முதலில் இளநிலை மாணவர்களுக்கு லேப் வகுப்பு எடுக்க வேண்டும். பிறகு பேராசிரியரின் ஆராய்ச்சி நிதியிலிருந்து பணம் வரும். ஐந்து வருடத்துக்கு ஓர் ஆளை வேலைக்கு எடுப்பது மாதிரிதான் அது. மாதக்கணக்கில் ரியாக்‌ஷன் ஓடாதபோது இந்தப் பெண் என்ன செய்வாள் என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியது. நானும் லேபுக்கு ஆள் எடுத்தவன். நல்ல மார்க்கோடு வந்து, முதல் தோல்வியிலேயே நோட்டை மூடி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நீ என்ன எழுதியிருக்கிறாய்? "கரிமத் தொகுப்பில் அனுபவம் பெற்றேன்." இது யார் வேண்டுமானாலும் எழுதுகிற வரி! போன வருடம் போனில் என்னிடம் சொன்னாயே, அந்த சுசூகி கப்ளிங் (பல்லேடியம் வினையூக்கியை வைத்து இரண்டு மூலக்கூறுகளை இணைக்கிற ரியாக்‌ஷன்) கதை எங்கே? பல்லேடியம் கருப்பாகப் படிந்தது, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். சோதனையில், இணைய வேண்டிய இரண்டில் ஒன்றான போரானிக் அமிலம் தன்னோடு தானே சேர்ந்த பொருள் தெரிந்தது, ஆக்சிஜன் உள்ளே போகிறது என்று நீயே பிடித்தாய், கரைப்பானில் ஆர்கான் வாயுவை ஓட்டி அதை விரட்டியதும் விளைச்சல், அதாவது கிடைத்த பொருளின் அளவு, ஏறியது. அதை எழுது. என்ன பார்த்தாய், என்ன சந்தேகப்பட்டாய், அடுத்து என்ன செய்தாய், இந்த வரிசையில். கெமிஸ்ட் ஒருவர் படித்தால் உன் சி-யை மறந்துவிடுவார் என்று சொல்லமாட்டேன், ஆனால் உன்னோடு பேச ஆசைப்படுவார்.

பரிந்துரைக்கு, ஏ கொடுத்த பெரிய பேராசிரியரை விட அந்தக் கருப்புக் குடுவையைப் பார்த்த லேப் பேராசிரியர்தான் சரி. மூன்று கடிதம் வேண்டும். கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பரில் வரும், அதனால் ஒரு மாதம் முன்னாலேயே கேள். கேட்கும்போது, "எனக்கு வலுவான கடிதம் தர முடியுமா?" என்றே கேட்டுவிடு. தயங்கினால் வேறு ஆளைப் பார்க்கலாம்.

தரவரிசையை வைத்துப் பட்டியல் போடாதே. உனக்குப் பிடித்த வேலையைச் செய்கிற பேராசிரியர்கள் இரண்டு மூன்று பேராவது இருக்கிற துறையாகத் தேடு. ஒருவரை மட்டும் நம்பிப் போனால், அவர் அந்த வருடம் மாணவர் எடுக்காமல் போகலாம். எங்கேயும் கிடைக்காவிட்டால் ஒரு வருடம் லேபில் டெக்னீஷியனாக வேலை பார்த்துவிட்டு மறுபடி போடலாம், அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை. அம்மாவுக்கு அதில் சம்மதமில்லை, அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

புது வரைவை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. கப்ளிங்கின் விளைச்சல் எத்தனை சதவீதத்திலிருந்து எத்தனைக்கு ஏறியது என்று நோட்டைப் பார்த்துச் சரியாகப் போடு.

அன்புடன்,
அப்பா