எங்கள் தோட்டப்பாதையைச் சரிசெய்து தராதது குறித்துப் புகார்

அனுப்புநர்:
உங்கள் ஃபோர்வீல் ஜீப்பை வாங்கிய வாடிக்கையாளர்,
சிறுமலை, திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்கள்.

பொருள்: கரடுமுரடான பாதையில் வண்டி ஓட்டும் உங்கள் ஆஃப்ரோடு நிகழ்ச்சியில் பாழான மண்பாதை – இரண்டு மாதமாக அலைக்கழிப்பது – தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

இது நான் எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றையும் மெயிலில் அனுப்பினேன். மூன்றுக்கும் 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று ஒரே பதில்தான் வந்தது. அதனால் இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

நவம்பர் இரண்டாம் ஞாயிறு உங்கள் ஷோரூம் நடத்திய ஆஃப்ரோடு நிகழ்ச்சிக்கு 28 வண்டிகள் எங்கள் பாதையில் ஏறின. நானும் 2,500 ரூபாய் கட்டிப் பெயர் கொடுத்திருந்தேன், ரசீது இருக்கிறது. முதல் நாள் ராத்திரி முழுக்க மழை. 'மண் ஊறிக் கிடக்கிறது, ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள்' என்று காலையிலேயே உங்கள் மேனேஜரிடம் சொன்னேன். 'சேறு இருந்தால்தான் சார் நம்ம வண்டியோட பவர் தெரியும்' என்றார். பாதை கெட்டால் ஒரு வாரத்தில் ஜேசிபி விட்டு, கிராவல் அடித்துத் தருகிறோம் என்று ஷோரூம் முத்திரையோடு எழுதியும் கொடுத்தார். அந்தத் தாளின் நகலை இணைத்திருக்கிறேன்.

ஈர மண்ணில் சேற்றுக்கென்றே செய்த மட் டயர் சுழன்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றரை டன்னுக்கு மேல் எடை, நான்கு சக்கரத்துக்கும் இழுவை, அதுவும் செங்குத்தான ஏற்றத்தில். மூன்றாவது வண்டி போனதுமே தடம் பள்ளமாகிவிட்டது. நான் என் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். பின்னால் வந்தவர்கள் பள்ளத்துக்குப் பயந்து ஓரத்தில் ஏறி மிளகுக் கொடியை மிதித்தார்கள். சிக்கிய வண்டியை இழுக்க என் பலா மரத்தில் வின்ச் என்கிற இழுவை இயந்திரத்தின் கம்பியைச் சுற்றியதில் பட்டை வளையமாக உரிந்துவிட்டது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். மழைத்தண்ணீர் பாதையில் ஓடாமல் ஓரம் ஒதுங்க, என் அப்பா பத்துப் பன்னிரண்டு இடத்தில் குறுக்கே சாய்வாகக் கல் பதித்திருந்தார். ஒவ்வொரு கல்லும் கடப்பாரையால் நெம்பி, தோளில் சுமந்து வந்து வைத்தது. சக்கரத்துக்கு அடியில் கொடுக்க அந்தக் கற்களையே உங்கள் ஆட்கள் பெயர்த்தார்கள். 'வேண்டாம் தம்பி' என்று நான் கத்தியது அந்த இன்ஜின் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. டிசம்பர் மழையில் தண்ணீர் சக்கரத் தடத்திலேயே இறங்கி, இன்றைக்கு அது முழங்கால் ஆழ வாய்க்கால்.

அப்புறம் மதுரைக்குப் போன கதை. ஷோரூமில் மூன்று தடவை 'ரீஜினல் ஆபீஸில் கேளுங்கள்' என்றதால் டிசம்பர் 18 அன்று விடியற்காலையில் மலையிறங்கி மதுரைக்குப் போனேன். பத்து மணியிலிருந்து மூன்றரை வரை வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வந்தவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், 'மண் ரோடுதானே சார், நாலு மழை பெய்தால் தானா அமுங்கிடும்' என்றார். படத்தைக் காட்டினேன். 'கொழுக்குமலைக்குத் தினமும் ஜீப் போகுது, அங்கே யாரும் புகார் கொடுக்கலையே' என்றார். ஐயா, அங்கே ஓட்டுகிறவர்களுக்கு அந்தப் பாதைதான் சோறு. கல் கல்லாகப் பார்த்து நடை வேகத்தில் ஏற்றுவார்கள். வேண்டுமென்றே சேற்றில் சக்கரத்தைச் சுழற்றி வீடியோ எடுப்பதில்லை. ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்காமல் ஐந்தரை மணி நேரம் காத்திருந்த ஒருவனிடம் சொல்ல அவருக்கு இவ்வளவுதான் இருந்தது.

கட்டணமில்லா எண்ணில் பேசினால் சேஸிஸ் நம்பர் கேட்கிறார்கள், வண்டியில் என்ன கோளாறு என்கிறார்கள். வண்டியில் கோளாறில்லை, பாதையில்தான் என்றேன். மறுநாள் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. யார் வந்து தீர்த்தார்கள்?

அந்தப் பாதையில் ஆறு குடும்பங்களுக்குத் தோட்டம் இருக்கிறது. 'நம்ம வண்டிக் கம்பெனிதான், நம்பலாம்' என்று அவர்களிடம் பேசிப் படலைத் திறக்க வைத்தது நான். எலுமிச்சையும் வாழையும் இங்கே பாதி தூரம் குதிரையில்தான் வரும். போன வாரம் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் குதிரை மூட்டையோடு அந்தத் தடத்தில் கால் மடங்கி விழுந்தது. முன்னங்கால் வீங்கி இன்னும் நொண்டுகிறது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. தைப்பூசம் நெருங்குகிறது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு மலைவாழை கேட்கிற நேரத்தில் எங்கள் குலைகள் மரத்திலேயே பழுக்கின்றன, திண்டுக்கல்லில் இருக்கும் சிறுமலை செட் பழச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வழியில்லை. எனக்கு மட்டும் ஐந்து லட்சம் போயிருக்கும். அப்பாவின் உழைப்பு மொத்தமும் போனதற்குக் கணக்கே போட முடியாது. மதுரைக்காரர் இதையும் 'தானா அமுங்கிடும்' என்பாரா?

ஐயா, உங்களோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை. வண்டி நல்ல வண்டி, நானே இரண்டு பேரை வாங்க வைத்திருக்கிறேன். கேட்பதெல்லாம் நீங்கள் எழுதிக் கொடுத்த வேலையைத்தான். பள்ளத்தை நிரவி, கிராவல் அடித்து, பெயர்த்த கற்களைப் பழையபடி சாய்வாகப் பதித்துத் தாருங்கள். வெறும் மண்ணைக் கொட்டிவிட்டுப் போனால் அடுத்த மழையில் அதுவும் போய்விடும். குதிரைக்கான வைத்தியச் செலவையும் கொடுங்கள். அந்த ஆறு குடும்பங்களிடமும் உங்களில் பொறுப்பான ஒருவர் நேரில் வந்து பேசட்டும்.

15 நாளில் வேலை தொடங்காவிட்டால் 1915 எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். பொருளுக்கோ சேவைக்கோ கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் அங்கே வழக்குக் கட்டணமும் இல்லை. ரசீது, முத்திரைத் தாள், நீங்களே போட்ட வீடியோ எல்லாம் கைவசம் இருக்கின்றன. கலெக்டர் அலுவலகத்திலும் மனு கொடுப்பேன். அந்த நிலைக்கு என்னைத் தள்ள வேண்டாம்.

பதிலைப் போனில் சொல்லாமல் எழுத்தில் அனுப்புங்கள். கிராவல் லாரி வரும் தேதி அதில் இருக்க வேண்டும். 18 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும் என்பதால் முந்தின நாளே தகவல் சொன்னால், காலையிலேயே மெயின் ரோட்டுக்கு வந்து நானே பாதை காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சிறுமலை.