இரவில் பில்டரை நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார ஞாயிறு மலரில் வீட்டு மீன் தொட்டி பற்றி வந்த கட்டுரையை மகளோடு உட்கார்ந்து படித்தேன். பள்ளி விடுமுறைக்கு ஏற்ற கட்டுரைதான். ஆனால் அதிலிருந்த இரண்டு யோசனைகள் மனதை உறுத்தின. தொட்டி நீரைச் சுத்தப்படுத்தும் பில்டர் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்பது ஒன்று. இரவில் சத்தம் தொந்தரவாக இருந்தால் நிறுத்திவிடலாம் என்பது இன்னொன்று. இரண்டையும் செய்து மீன்களைப் பறிகொடுத்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடு எங்களுடையது. வரவேற்பறையில் 40 லிட்டர் தொட்டி வைத்து, ஒரு சண்டை மீனும் நியான் டெட்ரா என்ற சின்ன மீன்கள் ஆறும் விட்டோம். கடைக்காரர் சொன்னார் என்று மணிக்கு 600 லிட்டர் தள்ளும் பில்டரை வாங்கிவிட்டோம். 40 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 160 முதல் 200 லிட்டர், அதாவது தொட்டி நீரைப் போல நான்கைந்து மடங்கு போதும் என்பது மீன் வளர்ப்பவர்களின் பொதுக் கணக்கு. அது எனக்கு அப்போது தெரியாது. சண்டை மீனோ வால் துடுப்பைப் பாவாடை மாதிரி விரித்துக்கொண்டு நீந்துவது. அந்த வேகத்தை எதிர்க்க முடியாமல் நாள் முழுக்க செடி மறைவிலேயே ஒதுங்கிக் கிடந்தது, துடுப்பின் ஓரமும் கிழிந்துபோனது. என் அப்பா சிறுவயதில் பாலிக் பூலாவ் வயல் வாய்க்கால்களில் சண்டை மீன் பிடித்தவர். தொட்டியைப் பார்த்ததுமே, "இது நின்ற தண்ணீரில் வாழ்கிற மீனம்மா, இப்படி ஆற்று வெள்ளத்தில் விட்டிருக்கிறாயே" என்றார்.

அப்புறம் நான் செய்ததுதான் பெரிய தவறு. மீனாவது நிம்மதியாகத் தூங்கட்டும், நமக்கும் சத்தம் இருக்காது என்று இரவு பத்து மணிக்கு பில்டரை நிறுத்திவிட்டு, காலையில் மறுபடி ஓடவிட்டேன். இரண்டே வாரத்தில் தண்ணீர் மங்கி, ஒரு வாடை வரத் தொடங்கியது. டெட்ராக்கள் ஒன்றன் பின் ஒன்றாகச் செத்தன. மகள் அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது.

காரணம் பின்னால்தான் புரிந்தது. பில்டர் வெறும் குப்பை பிடிக்கிற சாமான் இல்லை. அதன் ஸ்பாஞ்சில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள்தான் மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். நீரோட்டம் பல மணி நேரம் நின்றால் அவை சாகத் தொடங்கிவிடும். காலையில் பில்டரை மறுபடி ஓடவிட்டதும் உள்ளே தேங்கிய கெட்ட நீர் நேரே தொட்டிக்குள் பாயும். நம் ஊர் வெப்பத்தையும் சேர்த்துப் பாருங்கள். நீர் சூடாக இருந்தால் அதில் கரையும் ஆக்சிஜன் குறைவு, இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். சண்டை மீன் மேலே வந்து காற்றைச் சுவாசித்துச் சமாளிக்கும். டெட்ராவுக்கு அந்த வசதி கிடையாது. மின்கட்டணமும் ஒரு காரணம் இல்லை. 5 வாட் மோட்டார் இரவும் பகலும் ஓடினால் மாதத்துக்கு 3.6 யூனிட்தான், ஒன்றிரண்டு வெள்ளிக்குள் முடிந்துவிடும்.

சரி, வேகத்தை எப்படிக் குறைப்பது? நாங்கள் தண்ணீர் விழும் வாயைக் கண்ணாடிச் சுவர் பக்கம் திருப்பி, அதன் முன்னால் ஒரு ஸ்பாஞ்சைச் செருகினோம். சுவரில் மோதி வேகம் இறங்கிவிடுகிறது, மேற்பரப்பு மட்டும் லேசாக அசைகிறது. அந்த அசைவு அவசியம், அதன் வழியாகத்தான் காற்று நீரில் கலக்கிறது. உறிஞ்சும் குழாயை மட்டும் அடைத்துவிடாதீர்கள். மோட்டார் திணறிச் சூடாகிவிடும். கட்டுப்படுத்துவதென்றால் வெளியேறும் பக்கத்தில்தான். புதிதாக வாங்குபவர்கள் சண்டை மீனுக்குக் காற்றுப் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் பில்டரையே வாங்கலாம், விலையும் குறைவு. ஸ்பாஞ்சைக் கழுவும்போது தொட்டியிலிருந்து எடுத்த நீரில் அலசுங்கள். குழாய் நீரிலுள்ள குளோரின் நல்ல பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும்.

எல்லா மீனுக்கும் மெதுவான நீர்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் கெலா மீன் வேகமாக ஓடும் ஆற்றில் வளர்வது. அதனால் கடையில் பில்டரைக் கேட்பதற்கு முன்னால், வாங்கப்போகும் மீன் எந்த மாதிரி நீரில் வாழ்வது என்று கேளுங்கள்.

அடுத்த ஞாயிறு மலரில், பில்டரை இரவில் நிறுத்தக்கூடாது என்ற திருத்தத்தையாவது அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதைப் படித்துவிட்டுத் தொட்டி வாங்கிய பிள்ளைகள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு