குளிரில் ஓன் ஆகாத கொம்பியூட்டரும் கேட்காமல் அழித்த டி டிரைவும்: முறைப்பாடு

அனுப்புநர்: உரிமையாளர், டைப்செட்டிங் மற்றும் போட்டோகொப்பி நிலையம், ஹட்டன்.
பெறுநர்: முகாமையாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, கண்டி சேவை நிலையம் ஊடாக.
திகதி: 2026 பெப்ரவரி 9

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் ஹொட்லைனுக்குப் பதினொரு தடவை பேசியாயிற்று. கண்டிக்கு இரண்டு தடவை மெசினைத் தூக்கிக்கொண்டு வந்தும் ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவர் வந்து “என்ன பிரச்சினை?” என்று முதலிலிருந்து கேட்கிறார். ஆகவே இம்முறை எழுத்தில் தருகிறேன். தயவுசெய்து கடைசி வரி வரை படிக்கவும்.

பராமரிப்பு ஒப்பந்தத்தில் உள்ள ஆறு மெசின்களில் ஐந்தாம் இலக்கமும் மூன்றாம் இலக்கமும்தான் விஷயம். எந்த மொடல், எந்த மதர்போர்ட் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. விற்றவர்கள் நீங்கள், வருடா வருடம் ஒப்பந்தப் பணம் வாங்குபவர்களும் நீங்கள்.

ஐந்தாம் இலக்கத்தில் இருக்கும் பிழை இது. காலை ஏழு மணிக்குப் பட்டனை அமுக்கினால் விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடும். பத்துத் தடவை அமுக்கினாலும் அதேதான். பத்து மணிக்கு மேல் கடைக்குள் வெயில் விழுந்து அறை சூடான பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல் முதல் அமுக்கலில் ஓன் ஆகும். ரெம் என்ற நினைவகத் தகட்டைக் கழற்றி, அதன் கால்களை அழிரப்பரால் துடைத்துப் போட்டோம். ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ் இரண்டையும் கழற்றிவிட்டுப் பார்த்தோம். மாற்றம் இல்லை. பிறகு நான்காம் இலக்கத்தின் பவர் சப்ளையை இதில் மாட்டினோம். குளிரிலேயே முதல் அமுக்கலில் ஓன் ஆனது. இதன் பவர் சப்ளையை நான்கில் மாட்டியதும் பிழை நான்குக்குப் போய்விட்டது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இருந்தாலும் மீட்டரை வைத்தும் அளந்தோம். 24 பின் கனெக்டரில் ஒன்பதாவது பின், ஊதா வயர், ஸ்டேண்ட்பை 5 வோல்ட். மெசின் ஓஃப் ஆக இருந்தாலும் ப்ளக்கில் கரண்ட் இருந்தால் அந்த வயரில் 4.75க்கும் 5.25க்கும் இடையில் வர வேண்டும். ஜனவரி 14 காலை ஆறே முக்காலுக்கு, அறைக்குள் 13 பாகை இருந்தபோது, வந்தது 4.3. அதே நாள் பதினொரு மணிக்கு 5.0. பவர் சப்ளையை வெளியே எடுத்து, பட்டன் இல்லாமலே ஓன் ஆக்க, பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்தும் பார்த்தோம். காலையில் விசிறி துடித்து நிற்கிறது, பகலில் ஓடுகிறது. காரணம் உங்களுக்குத் தெரிந்ததே. பழைய எலக்ட்ரோலிடிக் கப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் காய்ந்துவிட்டது. குளிரில் அதன் உள்தடை இன்னும் கூடும், ஸ்டேண்ட்பை பகுதி எழும்ப மாட்டாது. சூடேறினால் தடை குறைந்து எழும்பும். காற்றுத் துவாரத்தால் டோர்ச் அடித்துப் பார்த்தாலே ஒரு கப்பாசிட்டரின் தலை உப்பி நிற்பது தெரிகிறது. 105 பாகை தாங்கும், உள்தடை குறைந்த கப்பாசிட்டர் இரண்டு மாற்றினால் முடிந்தது. நாங்களே மாற்றியிருப்போம், திறந்தால் ஒப்பந்தம் செல்லாது என்று நீங்கள் ஒட்டிய ஸ்டிக்கர்தான் தடுக்கிறது.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, மெசினோடு சேர்த்து, ஜனவரி 20 ஆம் திகதி கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக பஸ்ஸில் மடியில் வைத்துக் கண்டிக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தோம். நடந்தது என்ன? பதினொன்றரை மணிக்கு, வெயில் அடிக்கும் ஜன்னலோர மேசையில் வைத்து ப்ளக்கைப் போட்டார்கள். மெசின் ஓன் ஆனது. ஆகத்தானே செய்யும்! ஹட்டன் 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது, கண்டி 500 மீட்டரளவில் இருக்கிறது. குளிரில் வரும் பிழையை வெயிலில் தேடினால் கிடைக்குமா? “ஒரு ராத்திரி ப்ளக்கைக் கழற்றி வச்சிட்டு, காலையில கடை திறந்தவுடனே போட்டுப் பாருங்க” என்று எங்கள் பையன் கெஞ்சியிருக்கிறான். இரவில் வைத்துக்கொள்ள இடமில்லை என்றார்களாம். கப்பாசிட்டரைக் குளிர்விக்கும் ஸ்பிரே ஒன்று எந்தப் பழுதுபார்க்கும் மேசையிலும் இருக்கும். அதையாவது அடித்துப் பார்த்தார்களா? இல்லை. நாங்கள் எழுதிய தாளை விரித்துக்கூடப் பார்க்காமல் “பிழை எதுவும் இல்லை” என்று சீட்டு எழுதி, பரிசோதனைக் கட்டணம் என்று 2,500 ரூபாவும் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு அதே அரைச் சுற்று.

அன்று ஹொட்லைனில் பேசியவரை நான் மறக்க மாட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சிருச்சி, அதனாலதான் ஓன் ஆகல. ஒங்க தோட்டப் பக்கத்து கரண்டுக்கு இதுவே பெரிசு. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க.” சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14 உடன் ஆதரவு முடிந்தது உண்மை. இந்த இரண்டாம் தலைமுறை ஐ3 மெசினில் விண்டோஸ் 11 முறையாக ஏறாது என்பதும் உண்மை. ஆனால் விண்டோஸ் இருப்பது ஹார்ட் டிஸ்கில். அந்த டிஸ்கையே கழற்றிவிட்டுத்தான் சோதித்தோம் என்று அவரிடம் இரண்டு தடவை சொன்னேன். கரண்டைப் பற்றியும் சொல்கிறேன்: நகரத்தில் எங்கள் லைனில் அன்று 228 வோல்ட் இருந்தது. மற்ற நான்கு மெசினும் அதே லைனில்தான் ஓடுகின்றன. “தோட்டப் பக்கம்” என்றால் அவருக்கு என்ன இளக்காரம்? இதற்கு எழுத்தில் மன்னிப்பு வேண்டும்.

இனி மூன்றாம் இலக்கம். இதை நினைத்தால் கை நடுங்குகிறது.

இங்கே பின்னேரங்களில் இடி மின்னல் அதிகம் என்பதால் கடை பூட்டும்போது எல்லா ப்ளக்கையும் கழற்றிவிடுவோம். உங்கள் கையேட்டிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. ப்ளக் கழன்றிருக்கும் நேரமெல்லாம் போர்டின் கடிகாரம் சீஆர் 2032 பேட்டரியை மட்டும் நம்பி ஓடும். ஆகவே அது சீக்கிரம் தீரும். அளந்தபோது 2.3 வோல்ட், புதியதில் 3க்கு மேல் இருக்கும். அது தீர்ந்தால், மெசின் எழும்பும்போது முதலில் ஓடும் பயோஸின் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பும்: திகதி பல வருடம் பின்னே போகும், ஹார்ட் டிஸ்கோடு போர்ட் பேசும் முறையான சாட்டா மோட் ஏஎச்சிஐ இலிருந்து உங்கள் போர்டின் ஆரம்ப நிலையான ஐடிஈக்கு மாறும். ஏஎச்சிஐயில் போட்ட விண்டோஸ், ஐடிஈயில் பூட் ஆகாமல் நீலத் திரையில் “இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்” என்று நிற்கும். பேட்டரியை மாற்றி, பயோஸுக்குள் போய் மோடைத் திருப்பி வைத்து, திகதியைச் சரி செய்தால் போதும். ஐந்து நிமிட வேலை. ஆனால் பயோஸுக்கு பாஸ்வேர்ட் போட்டு வைத்திருப்பது நீங்கள். பேட்டரி தீர்ந்த பின்னும் அது அழியவில்லை. அதனால்தான் கண்டிக்குக் கொண்டுவர நேர்ந்தது.

ஒப்படைக்கும்போது சீட்டிலேயே “டி டிரைவைத் தொட வேண்டாம்” என்று எழுதிக் கையொப்பம் வாங்கினோம். பிரதி என்னிடம் இருக்கிறது. திரும்பி வந்த டிஸ்கில் டி டிரைவே இல்லை. இரண்டு பகுதியையும் அழித்து ஒன்றாக்கி, புதிதாக விண்டோஸ் போட்டு, 6,500 ரூபா பில். அந்த விண்டோஸும் ஐடிஈயிலேயே போடப்பட்டிருக்கிறது, அதனால் பூட் ஆகிறது. பிழை போய்விட்டது என்று நினைத்துவிட்டீர்கள். பேட்டரி அதே பழைய பேட்டரி! காலையில் போட்டால் திகதி பின்னே போகிறது, எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று வருகிறது.

போனது என்ன தெரியுமா? எட்டு வருட உழைப்பு. பாடசாலைத் தவணை வினாத்தாள்கள், தோட்டத் தொழிலாளர்களின் சேமலாப நிதி விண்ணப்பங்கள், கோயில் திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, எல்லாமே போய்விட்டன. ஐந்து இலட்சம் கொடுத்தாலும் ஈடாகாது. பென்டிரைவில் நவம்பர் வரைக்கும் பிரதி இருக்கிறது என்பது வேறு விஷயம். அதற்குப் பிறகு அடித்த மூன்று பாடசாலைகளின் வினாத்தாள்களை யார் திருப்பி அடிப்பது? அந்த பென்டிரைவைத் திறந்தபோது எழுத்தெல்லாம் ஆங்கிலமாகத் தெரிந்ததற்கு, வைரஸ் என்று உங்கள் ஆள் சொன்னார். அது பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை வைத்த எழுத்துரு, ஐயா. எந்த மெசினிலும் தமிழாகவே தெரியும் யுனிகோட் அல்ல. எழுத்துரு இல்லாத மெசினில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் தெரியும். பழைய டிஸ்கில் இருந்த எழுத்துருவை அழித்ததும் நீங்கள்தான்.

அந்த டிஸ்கைக் கழற்றித் தனியே வைத்திருக்கிறோம். அதில் இனி ஒரு பைட்டும் எழுதக் கூடாது. புதிய விண்டோஸ் 500 ஜிபியின் முன்பகுதியில்தான் ஏறியிருக்கும். டி இருந்தது பின்பாதியில். ஆகவே முறையாகச் செய்தால் பெரும்பகுதியை மீட்கலாம். அதை உங்கள் செலவில், முதலில் முழு டிஸ்கையும் இன்னொரு டிஸ்குக்குப் பிரதியெடுத்து, அந்தப் பிரதியில் வைத்தே செய்ய வேண்டும். மூலத்தில் கை வைக்க விடமாட்டேன்.

உங்களோடு சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை. இத்தனை வருடம் உங்களிடம்தான் வாங்கினோம், நாலு பேருக்கும் உங்களைத்தான் சொன்னோம். வாங்கிய 9,000 ரூபாவைத் திருப்பித் தாருங்கள். ஐந்துக்குப் பவர் சப்ளை, ஆறு மெசினுக்கும் சீஆர் 2032 பேட்டரி ஆறு, பயோஸ் பாஸ்வேர்ட், டிஸ்க் மீட்பு, அந்த ஹொட்லைன்காரரின் மன்னிப்பு. இவ்வளவுதான் கேட்கிறேன். பெப்ரவரி 23க்குள் பதில் வராவிட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, இந்தக் கடிதத்தோடும் இரண்டு சீட்டுகளோடும் எழுதுவேன். அவர்களின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கவும் எனக்குத் தெரியும்.

ஆள் அனுப்புவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். மெசினின் ப்ளக்கை முதல் நாள் இரவே கழற்றி வைத்திருப்போம். அவர் காலை ஏழு மணிக்கு முன் ஹட்டனில் நிற்க வேண்டும். பத்து மணிக்கு வந்தால் அது ஓன் ஆகிவிடும், இன்னொரு சீட்டில் “பிழை எதுவும் இல்லை” என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

இப்படிக்கு,
உரிமையாளர்

இணைப்பு: ஜனவரி 20 ஆம் திகதிச் சீட்டு, மூன்றாம் இலக்கத்தை ஒப்படைத்த சீட்டின் பிரதி, 2,500 மற்றும் 6,500 ரூபா பற்றுச்சீட்டுகள், மீட்டர் அளவுகள் எழுதிய தாள்.