எந்தக் கழிவு என்று லேபிளில் போடுங்கள்: 'உடல் கழிவு நீக்கி' விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கும், அவர்களுடைய பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு வீடியோ போடுபவர்களுக்கும் வணக்கம்.

எந்தப் பாட்டிலைச் சொல்கிறேன் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பச்சை லேபிள், 'உடலில் தேங்கிய கழிவுகளை வேரோடு வெளியேற்றும்' என்ற வாசகம், அதன் கீழே 'முற்றிலும் இயற்கையானது'. உங்களில் பலருடைய லேபிளும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது என்பதால் பெயர் குறிப்பிடாமலே எழுதலாம். நான் கேட்பது இவ்வளவுதான். எந்தக் கழிவை நீக்குகிறீர்களோ அதன் பெயரை லேபிளில் போடுங்கள். ஒரு வேளைக்கு எவ்வளவு பொட்டாசியம் உள்ளே போகிறது என்பதையும், சிறுநீரக நோயாளிகள் இதைக் குடிக்கக் கூடாது என்பதையும் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் அச்சிடுங்கள்.

என் அண்ணனுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், மெஷின் வழியாக ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ். உறவினர் ஒருவர் அன்பினால்தான் உங்கள் பானத்தை வாங்கிக் கொடுத்தார். 'மெஷின் செய்கிற வேலையை இதுவே செய்துவிடும்' என்று வீடியோவில் சொன்னார்களாம். அண்ணன் சில நாள் குடித்தார். அப்புறம் ஒரு காலை படுக்கையை விட்டு எழ முடியவில்லை, கால்கள் துவண்டுவிட்டன. மருத்துவமனையில் ஈ.சி.ஜி. தாளைப் பார்த்ததுமே, ரத்தப் பரிசோதனை முடிவுக்குக்கூடக் காத்திராமல், மருத்துவர் ஊசியை எடுக்கச் சொன்னார். பிறகு வந்த முடிவில் பொட்டாசியம் லிட்டருக்கு 7 மில்லிமோலைத் தாண்டியிருந்தது. அது இருக்க வேண்டியது ஏறக்குறைய 3.5-க்கும் 5-க்கும் இடையில். சிறுநீரகம் வெளியேற்ற முடியாமல் அது ரத்தத்தில் சேர்ந்து அதிகமானால் இதயம் தாளம் தவறி நின்றே போகலாம்.

முதலில் போட்டது கால்சியம் ஊசி. அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்தைக் கொஞ்ச நேரம் காப்பாற்றி வைக்கும். அடுத்து இன்சுலினும் குளுக்கோசும். ரத்தத்தில் இருக்கும் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளிவிட அது. தள்ளினாலும் அது உடம்புக்குள்தானே இருக்கிறது? கடைசியில் அதை வெளியே எடுத்தது, உங்கள் வீடியோ வேண்டாம் என்று சொன்ன அதே மெஷின்தான்.

உங்களில் யாராவது டயாலிசிஸ் நோயாளியின் தாகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சிறுநீர் அநேகமாக நின்றுவிட்டதால், குடிப்பதெல்லாம் அடுத்த டயாலிசிஸ் வரை உடம்பிலேயே தங்கிவிடும். அதனால் காலையிலேயே அன்றைய தண்ணீரை ஒரு பாட்டிலில் அளந்து வைத்துவிடுவோம். மாத்திரை விழுங்குகிற மடக்குக்கும் கணக்கு உண்டு. நா வறண்டால் ஒரு பனிக்கட்டித் துண்டை வாயில் அடக்கிக்கொள்வார், அதுவும் கணக்கில் சேரும். பல் துலக்கும்போது வாயில் ஊற்றிய தண்ணீரைத் தேவைக்கு மேல் நேரம் வைத்திருந்து, பிறகு மனமில்லாமல் துப்புவார். எதிரில் யாராவது மடமடவென்று தண்ணீர் குடித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கணக்கு மீறினால் நுரையீரலில் நீர் சேர்ந்து படுக்க முடியாமல் இரவெல்லாம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் முன்னால் எடை பார்க்கிறார்கள், அங்கே எதையும் மறைக்க முடியாது.

அப்படிப்பட்டவர், தன் பங்குத் தண்ணீரில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டு, அந்த அளவுக்கு உங்கள் பானத்தைக் குடித்திருக்கிறார். தாகத்தைப் பொறுத்துக்கொண்டு குடித்திருக்கிறார். லேபிளின் பின்பக்கத்திலோ, 'தினமும் மூன்று லிட்டர் தண்ணீருடன் சேர்த்துக் குடித்தால் விரைவில் பலன் தெரியும்' என்று எழுதியிருக்கிறீர்கள். பொட்டாசியம் பற்றி ஒரு சொல் இல்லை.

கழிவு என்கிறீர்களே, அது எது? உடம்பில் உண்டாகும் கழிவுகளுக்கெல்லாம் பெயர் இருக்கிறது, போகும் வழி இருக்கிறது. புரதம் சிதையும்போது வரும் அம்மோனியா மூளைக்கு ஆகாது. கல்லீரல் அதைப் பிடித்து யூரியாவாக மாற்றுகிறது. அந்தச் சுழற்சியை ஆய்வாளர்கள் ஹான்ஸ் கிரெப்ஸும் குர்ட் ஹென்ஸ்லைட்டும் 1932-லேயே விளக்கிவிட்டார்கள். யூரியாவையும், தசையிலிருந்து வரும் கிரியேட்டினினையும் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்ந்துவிட்டு உடைகிறது. அதற்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் என்ற பொருள் முதலில் பச்சை நிற பிலிவெர்டினாகி, பிறகு மஞ்சள் நிற பிலிருபினாகிறது. நம்ப முடியாவிட்டால் அடிபட்டுக் கன்றிய இடத்தைச் சில நாள் கவனியுங்கள். கருநீலம் பச்சையாகி, மஞ்சளாகி மறையும். தோலுக்கு அடியில் நடக்கும் அந்த வேதிவினையை யாரும் பாட்டிலில் அடைத்துத் தரவில்லை. ஒரு நாளில் நாம் வெளியேற்றும் யூரியா சில பத்து கிராம்தான், மூச்சில் விடும் கார்பன் டை ஆக்சைடோ ஒரு கிலோ அளவுக்கு வரும். ஆக, பெரிய கழிவு நீக்கி மூக்குதான். அதற்கு விளம்பரம் கிடையாது.

செல்லுக்குள்ளேயும் இதே கதை. உருக்குலைந்த புரதங்களுக்கு யூபிக்விட்டின் என்ற அடையாளம் ஒட்டி அவற்றைச் சிதைக்கும் முறையைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2004-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. செல் தன் பகுதிகளைத் தானே செரித்துக்கொள்ளும் ஆட்டோஃபேஜி பற்றிய ஆய்வுக்காக 2016-இல் யோஷினோரி ஓசுமிக்கு மருத்துவ நோபல். இந்த ஆட்டோஃபேஜியை உங்கள் வீடியோக்களில் அடிக்கடி கேட்கிறேன். அவர் ஈஸ்ட் செல்களைப் பட்டினி போட்டுத்தான் அதைக் கண்டறிந்தார், உங்கள் பானத்தை ஊற்றிப் பார்த்து அல்ல.

சரி, இத்தனை கழிவுகளில் நீங்கள் நீக்குவது எதை? நான் ஒன்றும் புதிதாகக் கேட்கவில்லை. 2009-இல் பிரிட்டனில் இளம் அறிவியலாளர் குழு ஒன்று, நச்சு நீக்கி என்று விற்கப்பட்ட 15 பொருள்களை எடுத்துக்கொண்டு, எந்த நச்சை நீக்குகிறீர்கள், ஆதாரம் என்ன என்று தயாரிப்பாளர்களிடமே விசாரித்தது. உருப்படியான பதில் எவரிடமிருந்தும் வரவில்லை.

பானக்காரர்களை மட்டும் சொல்வானேன். உப்பு நீரில் காலை வைத்தால் நச்சு இறங்கி நீர் பழுப்பாகும் என்று ஒரு கருவி விற்கிறார்கள். அதிலுள்ள இரும்புத் தகட்டில் மின்சாரம் பாய்ந்து இரும்பு அரித்துத் துருவாவதால் வரும் நிறம் அது. காலை வைக்காமலே பழுப்பாகும். வாங்கியவர்கள் ஒரு முறை உப்பு நீரில் கால் வைக்காமல் ஓட்டிப் பார்க்கலாம், கால்களுக்கும் ஓய்வு கிடைக்கும்.

உண்மையான நச்சு நீக்கம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. பாராசிட்டமால் அளவு மீறினால், கல்லீரலே அதில் ஒரு பகுதியை நச்சாக மாற்றிவிடும். அதைச் செயலிழக்கச் செய்யும் குளுட்டாதயோன் தீர்ந்துபோனால் கல்லீரல் செல்கள் சாகத் தொடங்கும். அதற்கு அசிட்டைல்சிஸ்டைன் என்ற மாற்று மருந்து உண்டு. நோயாளியின் எடைக்கு இவ்வளவு, இத்தனை மணி நேரத்துக்குள் என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார்கள். டயாலிசிஸும் அப்படித்தான். மருத்துவர் வில்லெம் கோல்ஃப் 1943-இல், போருக்கு நடுவே நெதர்லாந்தில், செல்லோஃபேன் குழாயைச் சுற்றி நடைமுறைக்கு உதவிய முதல் டயாலிசிஸ் மெஷினைக் கட்டினார். முதலில் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1945-இல்தான் ஒரு மூதாட்டி பிழைத்தெழுந்தார். தன் மெஷின் ரத்தத்திலிருந்து எதை எடுக்கிறது என்று கோல்ஃபால் சொல்ல முடிந்தது, அளந்தும் காட்ட முடிந்தது. உங்களிடம் அதைத்தான் கேட்கிறேன்.

'எங்கள் பானம் நலமாக இருப்பவர்களுக்குத்தான்' என்று நீங்கள் சொல்லக்கூடும். அப்படியானால் அதை லேபிளில் சொல்லுங்கள். நலமாக இருப்பவர்களின் சிறுநீரகம் ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் வடிகட்டி, தேவையானதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அவர்களுக்கு உங்கள் உதவி எதற்கு என்ற கேள்வி தனியாக இருக்கட்டும். பச்சை இலைச் சாற்றை அளவு மீறிக் குடித்து, அதிலுள்ள ஆக்சலேட் என்ற உப்பு படிந்து சிறுநீரகம் கெட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. அதையும் உங்கள் வல்லுநர்களிடம் கேட்டுப் பாருங்கள், வல்லுநர்கள் இருந்தால்.

கோபம் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கடையை மூடச் சொல்லி நான் எழுதவில்லை. அச்சடித்த லேபிள்கள் கிடங்கில் கிடக்கும், உடனே மாற்றுவது சிரமம் என்பதும் புரிகிறது. புதிய லேபிள் வரும்வரை பாட்டிலின் முன்பக்கத்தில் ஒரு ஒட்டுத்தாளாவது ஒட்டுங்கள். நீக்கும் கழிவின் பெயர், பொட்டாசியத்தின் அளவு, சிறுநீரக நோயாளிகளுக்கான எச்சரிக்கை. வீடியோ போடுபவர்கள் அந்த ஒட்டுத்தாளை ஒரு முறை வாய்விட்டுப் படித்துவிடுங்கள், அதற்குப் பத்து நொடிகூட ஆகாது.

தயவுசெய்து பதில் எழுதுங்கள். 'இயற்கையானது' என்ற விளக்கம் மட்டும் வேண்டாம், பொட்டாசியமும் இயற்கையில் கிடைப்பதுதான். ஒரு வேளைக்கு எத்தனை மில்லிகிராம் என்ற எண்ணை எழுதினால் போதும். அண்ணனின் மருத்துவரும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
டயாலிசிஸ் நோயாளி ஒருவரின் தம்பி