கூச்சல் என்றா எழுதுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் அண்டார்க்டிக் திமிங்கில வேட்டைக் கட்டுரையில் ஒரு வரி: “நடுக்கடலில் கூச்சல் போட்டவர்களால் ஒரு திமிங்கிலமும் பிழைக்கவில்லை, வேட்டையை நிறுத்தியது சர்வதேச நீதிமன்றமே.” மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதிய வரி என்பது படித்தவுடன் தெரிந்துவிட்டது.

அண்டார்க்டிக்கில் ஜப்பானின் வேட்டையை நிறுத்தச் சொன்ன சர்வதேச நீதிமன்றத்தின் தி ஹேக் தீர்ப்பு வந்தது 2014 மார்ச் 31-இல். தங்களுக்குத் தெரியாததா? அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 2011 பிப்ரவரியில், ஜப்பானிய வேட்டைக் கப்பல்கள் பருவம் முடியாமலே ஊர் திரும்பின. திமிங்கில வேட்டையை எதிர்க்கும் சீ ஷெப்பர்டு அமைப்பின் கப்பல்கள் தந்த தொல்லைதான் காரணம் என்று ஜப்பான் அரசே சொன்னது. மிங்கி என்ற சிறு வகைத் திமிங்கிலம் மட்டும் சுமார் 850 பிடிக்கத் திட்டம். எல்லா வகையும் சேர்த்துக் கிடைத்தவை 172. பிழைத்தவற்றைக் கட்டுரையாளர் எந்தக் கணக்கில் எழுதுவார்?

கொன்ற திமிங்கிலத்தைத் தாய்க்கப்பலான நிஷின் மாருவின் பின்புறச் சறுக்குதளம் வழியாகத்தான் மேலே இழுக்க முடியும். சீ ஷெப்பர்டு ஆட்கள் அதற்கு நேர் பின்னால் தங்கள் கப்பலைக் கொண்டுபோய் ஒட்டி, விலகாமல் ஓட்டிக்கொண்டே போனார்கள். ஏற்ற வழியில்லை என்றால் சுட்டு என்ன பயன்? 2013-இல் எண்ணெய் நிரப்ப விடாமல் டேங்கரை மறித்தார்கள், கப்பல்கள் மோதிக்கொண்டன. அந்தப் பருவத்தில் சிக்கியவை 103. கூச்சலாம்!

சீ ஷெப்பர்டைத் திட்டுவதற்கு விஷயமா இல்லை? எதிரிக் கப்பலின் புரொப்பல்லரில் சிக்கும்படி கயிறு வீசினார்கள். என்ஜின் அறையில் வேலை பார்த்தவன் நான். வங்காள விரிகுடாவில் ஒருமுறை, அறுந்து மிதந்த மீன்வலை எங்கள் சிறிய சரக்குக் கப்பலின் புரொப்பல்லரில் சுற்றிக்கொண்டது. கைப்பிடிக் கம்பியில் கை வைக்க முடியாத அதிர்வு. புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டின் சீல் கிழிந்து எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது. என்ஜினை நிறுத்தினோம், அலைக்குக் குறுக்கே கப்பல் இரவெல்லாம் உருண்டது, சமையல்காரர் உட்பட ஒருவரும் சாப்பிடவில்லை. அது வெதுவெதுப்பான கடல், பக்கத்திலேயே துறைமுகம். பனிப்பாறைகளுக்கு நடுவே அந்தக் கதி எந்தக் கப்பலுக்கும் வரக்கூடாது, திமிங்கிலம் கொல்லும் கப்பலே ஆனாலும். கட்டுரையாளர் இதைத் தொடவே இல்லை. தெரிந்தால்தானே!

நீதிமன்றம் நிறுத்தியதாம். ஜப்பானியர்கள் ஒரு பருவம் சும்மா இருந்துவிட்டு, 2015 இறுதியில் ஆண்டுக்கு 333 திமிங்கிலங்கள் என்ற புது எண்ணோடு மறுபடி தெற்கே போனார்கள். ஜப்பானின் செயற்கைக்கோள் கண்காணிப்போடு போட்டியிட முடியாது என்று 2017-இல் சீ ஷெப்பர்டு விலகிக்கொண்டது. 2019-இல் ஜப்பான் சர்வதேசத் திமிங்கில ஆணையத்தை விட்டே வெளியேறி, அண்டார்க்டிக்கைக் கைவிட்டுத் தன் கடலில் வணிக வேட்டையைத் தொடங்கியது. தீர்ப்பு அங்கே செல்லவில்லை, மறிக்கும் கப்பலும் செல்லவில்லை.

உங்கள் இதழுக்குக் கடல் என்றால் புயல், இல்லையேல் கடற்கொள்ளையர். சம்பளமின்றி வெளிநாட்டுத் துறைமுகங்களில் கைவிடப்படும் மாலுமிகளைப் பற்றி முன்பு எழுதினேன். ‘இடமின்மை’ என்று பதில் வந்தது. அதே இதழில் ஒரு நடிகரின் படகு வீட்டுக்கு நான்கு வண்ணப் பக்கங்கள் இடம் இருந்தது. சந்தோஷம்.

இவ்வளவையும் நீங்கள் அச்சிடப் போவதில்லை என்று தெரியும். கட்டுரையின் இரண்டாம் படத்தில், பின்புறச் சறுக்குதளம் பளிச்சென்று தெரிய நிற்பது நிஷின் மாரு. அதன் கீழே ‘போராளிகளின் கப்பல்’ என்று போட்டிருக்கிறீர்கள். அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் வெளியிடுங்கள், போதும்.

— ஓய்வுபெற்ற கப்பல் என்ஜினியர், தூத்துக்குடி