இரண்டாம் தவணை 2025: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். தவணை நல்லபடியாக முடிந்தது. தமிழ்த்தினப் போட்டியில் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள், சிரமதானமும் சிறப்பாக நடந்தது. எல்லோருக்கும் பாராட்டுகள்.

சரி, வகுப்பு வட்ஸ்அப் குழுக்களைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

போன மாதம் தரம் 8இல் மூன்று பிள்ளைகளுக்கு வயிற்றுவலி. "பள்ளிக்கூடக் கிணத்துத் தண்ணி குடிச்ச பிறகுதான் வந்தது" என்ற குரல்பதிவு அன்றிரவே எல்லாக் குழுக்களுக்கும் போய்விட்டது. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்ததைப் பார்த்த சனம் நாங்கள். பயம் வருவது நியாயம்தான். ஆனால் விசாரித்தால், மூவரில் ஒருவர் அன்று வீட்டுப் போத்தல் தண்ணீர் மட்டுமே குடித்திருக்கிறார். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையைப் பனையடியில் வளர்ந்த எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? ஆனாலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தண்ணீர் மாதிரி கொடுத்திருக்கிறோம். முடிவு அறிவித்தல் பலகையில் வரும்.

"முடிவு வரட்டும்" என்று எழுதிய ஆசிரியைக்குக் கிடைத்த பதில்: "ரீச்சருக்குப் பிள்ளையள் இல்லை, அவவுக்கு என்ன தெரியும்?" மே 6 உள்ளூராட்சித் தேர்தல் நேரமும் இதே கதைதான். வேட்பாளர் யாருடைய மருமகன், எந்த ஊர் என்று நூறு பதிவுகள். வாய்க்கால் துப்பரவு பற்றி அவர் சொன்னது சரியா பிழையா என்று ஒரு வரி இல்லை. அளவையியல், அதாவது தர்க்கம் படிக்கும் எங்கள் உயர்தரப் பிள்ளைகளைக் கேளுங்கள்: சொன்னதை விட்டுச் சொன்ன ஆளைப் பிடிப்பது ஒரு போலி, அதாவது பிழையான வாதம். மணிமேகலைக் காலத்திலேயே பக்கப்போலி (கூற்றில் உள்ள பிழை), ஏதுப்போலி (காரணத்தில் உள்ள பிழை) என்று போலிகளை வகுத்து வைத்தவர்கள் நாங்கள்.

ஆகவே கண்டிப்பாகச் சொல்கிறேன். ஆசிரியர் எவரையும் தனிப்படத் தாக்கும் பதிவை இனிக் கண்டால் அந்தக் குழு மூடப்படும். யார் சொன்னது என்று தெரியாத குரல்பதிவும் வேண்டாம்.

பிள்ளைகள் எங்களைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். தகப்பனின் மோட்டார் சைக்கிளில் தலைக்கவசமில்லாமல் வந்த ஒருவனைக் கண்டித்தேன். "சேர், நீங்களும் வெள்ளிக்கிழமை போடாமல்தானே வந்தனீங்கள்" என்றான். உண்மைதான், வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் நான் போடாததால் அவன் தலை இரும்பாகிவிடாதே! இப்போது இருவரும் போடுகிறோம்.

குரல்பதிவை யாருக்கும் அனுப்பாமல், நேரே கந்தோருக்கு வந்து "சேர், இது உண்மையோ?" என்று கேட்ட அந்த அம்மாவுக்கு என் மனமார்ந்த நன்றி. பொறுமையாக இருந்த மற்றப் பெற்றோருக்கும் நன்றி.

அன்புடன்,
அதிபர்