பணியிடத்தில் பலகை விளையாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஊழியர்களிடையே நெருக்கத்தை வளர்க்க விரும்பும் நிறுவனங்கள் பெரும்பாலும் உரைகளையும் பயிற்சி வகுப்புகளையுமே நாடுகின்றன. ஆனால், ஒரு மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து ஆடும் விளையாட்டு, அவற்றால் எளிதில் இயலாத ஒன்றைச் செய்கிறது. விதிகள் எல்லோருக்கும் பொதுவானவை என்பதால், மேலாளரும் புதிதாகச் சேர்ந்தவரும் தத்தம் முறை வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

எந்த விளையாட்டைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது மிக முக்கியம். 2008-இல் வெளியான 'பேண்டமிக்' விளையாட்டில் அனைவரும் ஓரணியாக நின்று நோய்ப் பரவலை எதிர்க்கிறார்கள்; வெற்றியும் தோல்வியும் எல்லோருக்கும் உரியவை. ஆயினும், அனுபவமுள்ள ஒருவரே மற்றவர்களின் நகர்வுகளையும் தீர்மானிக்கத் தொடங்கும் இடர் இதில் உண்டு; அவர் மேலதிகாரியாகவும் இருந்துவிட்டால், மற்றவர்கள் வாய் திறக்கத் தயங்குவார்கள். 'ஹனாபி' சீட்டாட்டத்தில் இதற்கு இடம் குறைவு. அதில் ஒருவர் தம் கைச்சீட்டுகளைத் தாம் பார்க்க இயலாது. பிறர் அளவோடு தரும் குறிப்புகளை நம்பியே ஆட வேண்டியிருப்பதால், கூர்ந்து கேட்கும் பழக்கமும் தெளிவாகச் சொல்லும் பழக்கமும் இயல்பாகவே உருவாகின்றன.

நிர்வாகங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: ஆட்டத்தை வேலை நேரத்துக்குள்ளேயே வையுங்கள்; ஏனெனில், வீட்டில் குழந்தைகளையோ முதியோரையோ கவனிக்க வேண்டியவர்களால் மாலையில் தங்க இயலாது. பங்கேற்பைக் கட்டாயமாக்காதீர்கள். யார் எப்படி ஆடினார் என்பதைப் பணி மதிப்பீட்டில் ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்